மைநீலக் கோட்டின் நகலின் நகல்

பதிவறையாரிடம் பதினோரு சட்டைகள் இருந்தன. பதினொன்றும் மரப்பட்டை நிறம். எதை உடுப்பது என்று காலையில் கண்ணாடிமுன் நின்று யோசிப்பது வேலையற்றவர்களின் வேலை என்பது அவர் கொள்கை. பீரோவைத் திறப்பார், கைக்கு எது அகப்படுகிறதோ அதுவே அன்றைய சட்டை. முப்பத்தோர் ஆண்டுகளாகப் பத்திரப் பதிவு அலுவலகத்தின் ஆவண அறையைக் கட்டிக் காத்துவந்தவர் ஆதலால், ஊரார் அவருடைய பெயரை மறந்து 'பதிவறையார்' என்றே அழைத்தனர். அவர் தெருவில் வந்தால் சட்டைமட்டும் தனியே வருவதுபோலவும், அதன்மேல் ஒரு மூக்குக்கண்ணாடி மிதந்து வருவதுபோலவும் இருக்கிறது என்று சொல்லிச் சிரிப்பவன் ஒருவன் உண்டு. அவன் வேறு யாருமல்லன்; மனைவியின் தம்பி.

அந்த மச்சினன் சோபாக் கடையில் விற்பனையாளன். சோபா விற்பவன் சோபாவைப் போலவே உடுக்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் விதிக்கவில்லை. ஆயினும் அவன் கடுகுமஞ்சள் கோட்டும், முழங்கையில் வேறு நிற ஒட்டும், மார்புப் பையிலிருந்து எட்டிப் பார்க்கும் கைக்குட்டையின் காதுமாக, யாராவது வந்து மேலே உட்காரமாட்டார்களா என்று காத்திருப்பவனைப் போலவே எங்கும் நிற்பான். அவனுடைய கால்சட்டை மடிப்பில் விரலை வைத்தால் விரல் அறுபடும் என்பதனால், அவனுக்கு 'இஸ்திரி' என்று பெயர்.

இவ்விருவருக்கும் இடையே போர் மூண்டது ஒரு கடிதத்தால்.

பதிவறையாரின் மனைவி ஏழாம் எண் பேருந்தின் ஓட்டுநர். இருபத்தைந்து ஆண்டுகளில் அவர் ஓட்டிய வண்டிமீது ஒரு கீறல் விழுந்ததில்லை. அதை மெய்ப்பிக்கப் போக்குவரத்துக் கழகத்திடம் ஒரு தாள்கூட இல்லை. பழைய பதிவேடுகளையெல்லாம் கறையான் படித்து முடித்திருந்தது. மெய்ப்பித்தவர் கணவர். மனைவியின் அன்றாடப் பணிச்சீட்டுகளை ஒன்றுவிடாமல் கோத்து, ஆண்டுவாரியாகக் கட்டி, பொருளடக்கமும் எழுதி வைத்திருந்தார். ஏழாயிரத்துச் சொச்சம் சீட்டுகளை ஒரு தள்ளுவண்டியில் கொண்டுபோய்க் கழகத்தாரின் மேசைமீது அவர் இறக்கிய அன்றே விருது உறுதியாயிற்று. விருதுக் கடிதத்தின் கடைசி வரி இது: 'மேடையில் குடும்பத்தினர் ஒருவருக்கு ஒரு நாற்காலி ஒதுக்கப்படும்.'

"அந்த நாற்காலி எனக்குத்தானே?" என்றார் பதிவறையார், கேட்கவேண்டிய அவசியமே இல்லாத கேள்வியைக் கேட்பவர்போல.

ஓட்டுநரம்மா கடிதத்தை மடித்தார். "ஏங்க, கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. என்ன போட்டுக்கிட்டு வருவீங்க?"

"சட்டை."

"எந்தச் சட்டை?"

கேள்வியே அவருக்கு விளங்கவில்லை. பதினொன்றும் ஒன்றாயிருக்க 'எந்த' என்பதற்கு என்ன பொருள்?

"போன வருஷம் டிப்போவில குடும்பத்தோட போட்டோ எடுத்தோமே, பார்த்தீங்களா? பின்னாடி மரக்கதவு. நீங்க அதுல இருக்கீங்களான்னே தெரியல. யாரோ கண்ணாடியைக் கழட்டிக் கதவுல மாட்டி வெச்ச மாதிரி இருக்கு. கண்டக்டர் என்ன கேட்டார் தெரியுமா? 'சார் வரலையாம்மா'ன்னு கேட்டார்."

"வந்திருந்தேனே! அவர் தோள்மேல கையே போட்டிருந்தேன்."

"அதைத்தான் சொல்றேன். இந்தத் தடவை பேப்பர்ல படம் வரும். நீங்க பளிச்சுனு வந்தா நீங்கதான் என் பக்கத்துல. மரக்கட்டை மாதிரி வந்தா, என் தம்பியைக் கூட்டிக்கிட்டு ஏறிடுவேன். ஆமா, சொல்லிட்டேன்."

அழைக்காமலே சாப்பிட வந்திருந்த இஸ்திரி, வாயிலிருந்த கவளத்தை விழுங்காமலே, "நான் ரெடிக்கா," என்றான். "மாமா, நீங்க மனசு விட்றாதீங்க. கீழ முதல் வரிசையில உங்களுக்கு நல்ல மூணு சீட் சோபாவா போடச் சொல்றேன்."

ஏழாயிரம் சீட்டுகளைக் கோத்தவன் கீழே, ஏப்பம் விடுபவன் மேலேயா? பதிவறையாருக்கு நெஞ்சு கொதித்தது. மறுநாளே, மிதிவண்டிக் கடையின் மாடியில் 'உடுத்தக் கற்றுக்கொள்ளுங்கள் – ஆறு வாரம்' என்று பலகை தொங்கிய வகுப்பில் போய்ச் சேர்ந்தார்.

உடை டீச்சர் உயரமாகவும் ஒடுக்கமாகவும் இருந்தார். கையில் ஒரு பிரம்பு. அடிப்பதற்கன்று, சுட்டிக்காட்டுவதற்கு. ஆயினும் முதல் நாள் பிரம்பு பதிவறையாரின் நெஞ்சருகே வந்து நின்றபோது, அவர் தம்மையறியாமல் கையை நீட்டிவிட்டார்.

"சார், இந்தச் சட்டை உங்களுக்கு என்ன செய்யுது?"

"மூடுது."

"அவ்வளவுதானா?"

"வேற என்ன செய்யணும்? பாட்டா பாடணும்?"

டீச்சர் சிரிக்கவில்லை. அவரை நாற்காலியில் உட்காரவைத்து, முகவாய்க்குக் கீழே ஒவ்வொரு துணியாகப் பிடித்தார். மரப்பட்டை நிறத் துணியைப் பிடித்து, "இவர் முகம் எங்கே?" என்று வகுப்பைக் கேட்டார்.

"காணோம்," என்றனர் அனைவரும் ஒரே குரலில்.

மைநீலத்தைப் பிடித்தார்.

"வந்துடுச்சு! வந்துடுச்சு!" என்று, தொலைந்த ஆட்டைக் கண்டவர்போலக் கூவினார் உடன்பயின்ற பல் டாக்டர். "மூக்குகூட இருக்கு பாருங்க!"

பதிவறையார் கண்ணாடியைப் பார்த்தார். தமக்கு மூக்கு இருக்கிறது என்பது அவருக்கும் ஒருவகையில் புதுச்செய்தியாகத்தான் இருந்தது.

அதன்பின் அவர் தலைசிறந்த மாணவராகிவிட்டார். தோள் தையல் தோளெலும்பு முடியும் இடத்தில் நிற்கவேண்டும். அதற்குக் கீழே வழிந்தால் பார்ப்பவர் இரவல் என்பர். சட்டைக் கையின் நுனி மணிக்கட்டைத் தொடவேண்டும்; முழங்கையை நோக்கி ஓடக்கூடாது. மேலுடை ஒவ்வொன்றும் குறைந்தது மூன்று கீழுடைகளோடு ஒத்துப்போகவேண்டும். ஒன்றோடுமட்டும் ஒத்துப்போவது பீரோவில் இடம் அடைக்கும் சோம்பேறி. இவற்றையெல்லாம் அவர் இரண்டு படிகளாக எழுதிக்கொண்டார். பீரோவைக் காலி செய்து, 'வைத்துக்கொள்வது, கொடுப்பது, எறிவது' என்று மூன்று குவியல்களாகப் பிரித்துவரச் சொன்னபோதுமட்டும் சிறு சிக்கல் நேர்ந்தது. அவர் நான்காவதாக ஒரு குவியலை ஏற்படுத்தி, அதற்குப் 'பரிசீலனையில் உள்ளவை' என்று பெயரிட்டு, பதினோரு சட்டைகளையும் அதில் சேர்த்துவிட்டார்.

ஐந்தாம் வாரம் டீச்சர் மேற்பார்வையில் தையற்காரர் அளவெடுத்தார். மைநீலக் கோட்டு, சாம்பல் நிறக் கால்சட்டை, பால் வெண்மையில் ஒரு சட்டை. ஆறாம் வாரம் அவர் அவற்றை உடுத்து வகுப்பின் நடுவே நின்றபோது, டீச்சர் பிரம்பைக் கீழே வைத்துவிட்டார். சுட்டிக்காட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

"கடைசிப் பாடம் ஒண்ணே ஒண்ணு," என்றார் டீச்சர். "நல்லதை எடுத்து வெக்காதீங்க. நல்லது போடறதுக்கு. நாளைக்கே போடுங்க. கறி வாங்கப் போனாலும் போட்டுக்கிட்டுப் போங்க."

பதிவறையார் இதையும் எழுதிக்கொண்டார். ஓரத்தில், 'ஏற்கத்தக்கதன்று' என்றும் குறித்துக்கொண்டார்.

அன்று மாலை வாசலில் வந்து நின்றவரை ஓட்டுநரம்மா ஏற இறங்கப் பார்த்தார். "யாரு வீட்டு மாப்பிள்ளைங்க நீங்க?" என்றார். பிறகு, இருபத்தைந்து ஆண்டுகளாக வண்டியைத் தவிர வேறெதையும் சுற்றிவந்து பார்த்திராத அவர், கணவரை ஒருமுறை சுற்றிவந்து பார்த்தார். "போதும். நாற்காலி உங்களுக்குத்தான். அந்த இஸ்திரிகிட்ட நானே சொல்லிடறேன்."

இத்துடன் கதை முடிந்திருக்க வேண்டும். மற்ற எவருடைய கதையாயினும் முடிந்திருக்கும்.

ஆனால் பதிவறைக்கு ஒரு விதி உண்டு: அசல் அறையை விட்டு வெளியேறாது, வெளியே கொடுக்கப்படுவது நகல். ஒருமுறை, அவர் பணியேற்ற புதிதில், நிலப்பத்திரத்தின் அசல் ஒன்றை மேலதிகாரி கேட்டாரே என்று கொடுத்துவிட்டார். அது திரும்பி வந்தபோது அதன் நடுவில் தேநீர்க் கோப்பையின் அடி வட்டமாகப் பதிந்திருந்தது. வட்டத்திற்குள் இருந்த கிணறு யாருக்கு உரியது என்பது இன்றுவரை வழக்கில் இருக்கிறது. அதுமுதல் எந்த அசலையும் அவர் வெளியே கொடுத்ததில்லை. இவ்வளவு அருமையான கோட்டினை, தேநீரும் கூட்டமும் நிறைந்த ஒரு மண்டபத்திற்குள் போட்டுக்கொண்டு போவதா? பைத்தியக்காரன்கூடச் செய்யமாட்டான்.

ஆகவே விதிப்படி நடந்தார். அசலுக்கு ஓர் அலுவலக நகல். அலுவலக நகலைப் பார்த்து, வெளியே கொடுப்பதற்கென ஒரு வழங்கு நகல். தையற்காரர் முதலில் விழித்தார்.

"மத்த ரெண்டு பேரும் வரலையா சார்? அளவு யாருக்கு எடுக்கறது?"

"அளவு எதுக்கு? இதோ இருக்கே கோட்டு. பார்த்து எழுது... தைங்க."

"அந்தத் துணி தீர்ந்துபோச்சே."

"நகலுக்கு எந்தத் தாளா இருந்தா என்ன?"

தையற்காரர் வாதாடுபவர் அல்லர். கோட்டினை மேசைவிரிப்புத் துணிமேல் கிடத்தி, சுண்ணக்கட்டியால் ஓரமாகக் கோடிழுத்து வெட்டித் தைத்தார். அதனைக் குடைத்துணிமேல் கிடத்தி மறுபடியும் கோடிழுத்தார். ஒவ்வொரு கோடும் தோளை ஒரு விரற்கடை வெளியே தள்ளியது. மடங்கிக் கிடந்த கைகளோ ஒவ்வொரு முறையும் உள்ளே இழுத்துக்கொண்டன. இரண்டாம் தலைமுறையில் பிறந்த அந்தக் கோட்டு, நடந்தால் சலசலக்கும். வெயிலில் பச்சையாய் மின்னும்.

பதிவறையார் மூன்றையும் கட்டிலின்மேல் வரிசையாகப் பரப்பி, முறைப்படி ஒப்பிட்டார். பொத்தான்: மூன்று, மூன்று, மூன்று. பை: நான்கு, நான்கு, நான்கு. கை: இரண்டு, இரண்டு, இரண்டு. கைகளின் நீளத்தை ஒப்பிட அவருக்குத் தோன்றவில்லை. பத்திரத்தில் எழுத்து ஒத்திருக்கவேண்டுமே தவிர, தாளின் அளவு ஒத்திருக்கவேண்டுவதில்லை. 'அசலோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது' என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, வழங்கு நகலின் உட்பையில் ஊசியால் குத்திவைத்தார். அசலுக்கு ஆவண அறையின் வழக்கப்படி செய்யவேண்டியதைச் செய்து, பீரோவின் உள்ளறையில் வைத்துப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார்.

விழாவன்று ஓட்டுநரம்மா விடியுமுன்பே டிப்போவிற்குப் போய்விட்டார். கழகத்தார் ஏழாம் எண் பேருந்தைக் கழுவி, முகப்பில் காகித நாடா கட்டி, மண்டப வாசலில் காட்சிக்கு நிறுத்தச் சொல்லியிருந்தனர். பதிவறையார் பத்து மணிக்குத் தனியாகச் சலசலத்துக்கொண்டு மண்டபத்திற்கு வந்தார்.

முதலில் கண்டவன் இஸ்திரி. அழைப்பு இல்லாவிடினும் கடுகுமஞ்சளில் வந்திருந்தான்.

"மாமா!" அவன் ஓரடி பின்வாங்கினான். "இது கோட்டா, இல்ல மழை வரும்னு யாராச்சும் உங்களை மூடி வெச்சாங்களா?"

பதிவறையார் அவனை மதிக்கவில்லை. மனைவியைக் கண்டதும் நிமிர்ந்து நின்றார். தோள்கள் நிமிர்ந்தன, ஆனால் அவை அவருடைய தோள்கள் முடிந்து இரண்டு விரற்கடை தள்ளித் தனியே நிமிர்ந்தன.

ஓட்டுநரம்மா அவருடைய முழங்கையைப் பார்த்தார். அங்கேதான் கோட்டின் கை முடிந்திருந்தது.

"அன்னிக்குக் காட்டினீங்களே, அது எங்க?"

"அது அசல். வீட்டுல பத்திரமா இருக்கு."

"அப்ப இது?"

"நகலோட நகல். கவலைப்படாதே, சரிபார்த்தாச்சு. பாரு, உள்ளே சான்றிதழே இருக்கு."

அவர் உட்பையைத் திறந்து காட்டினார். ஓட்டுநரம்மா படித்தார். மறுபடியும் படித்தார். இருபத்தைந்து ஆண்டுகளாகக் குறுக்கே ஓடும் ஆட்டையும் மாட்டையும் ஆட்டோவையும் பார்த்துப் பார்த்துப் பழுத்த பொறுமை அது. ஆயினும் அன்று அதன் அடிப்பாகம் தெரிந்தது.

"கல்யாணத்துக்கு வந்தது நீங்கதானா? இல்ல அசலை உங்க அம்மா வீட்டுல பூட்டி வெச்சுட்டு வந்தீங்களா?"

"விதின்னு ஒண்ணு இருக்கு இல்ல..."

"அக்கா," என்றான் இஸ்திரி, கைக்குட்டையின் காதைத் திருகியவாறு, "நான் இங்கதான் இருக்கேன். சும்மா சொன்னேன்."

ஓட்டுநரம்மா தம்பியைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார். மேடையில் செயலாளர் ஆண்டறிக்கையைத் தொடங்கியிருந்தார். அறிக்கை நாற்பது பக்கம்.

"பக்கத்துக்கு ஒரு நிமிஷம்," என்றார் ஓட்டுநரம்மா. "வாங்க. ஏறுங்க."

"எதுல?"

"எனக்கு எது ஓட்டத் தெரியும்?"

கண்டக்டர் விசிலுடன் ஓடிவந்து தொற்றிக்கொண்டார். அம்மா வண்டியை எடுத்தால் தாமும் ஏறவேண்டும் என்பதைத் தவிர வேறு எதையும் அவர் யோசிக்கவில்லை. பேருந்து காகித நாடாவோடு புறப்பட்டது. வீடு ஐந்து நிறுத்தம் தள்ளி இருந்தது. முதல் நிறுத்தத்தில் ஒருவர் கை காட்டினார்; ஓட்டுநரம்மாவின் கால் தானாகவே பிரேக்கை மிதித்தது.

"ஏம்மா நிறுத்தறே?" என்று பதறினார் பதிவறையார்.

"கை காட்டுறாங்களே! நிறுத்தாம போறதுக்கு எனக்கு வராதுங்க. நான் என்ன பண்ண?"

இவ்வாறாக ஐந்து நிறுத்தங்களில் பதினான்கு பேர் ஏறினர். அவர்களுள் பல் பிடுங்கப் போய்க்கொண்டிருந்த, கன்னம் வீங்கிய ஒருவரும் உண்டு. வீட்டு வாசலில் வண்டி நின்றபோது, இது புது நிறுத்தம் போலும் என்று எண்ணிப் பதினான்கு பேரும் இறங்கிப் பின்னால் வந்து, படுக்கையறைக் கதவருகே கூடிவிட்டனர்.

"திறங்க," என்றார் ஓட்டுநரம்மா.

பதிவறையார் சாவியை எடுத்தார், எடுத்தவர் தயங்கி, பையிலிருந்து ஒரு படிவத்தையும் எடுத்து நீட்டினார். "ஒரு விண்ணப்பம்..."

"என்னது?"

"விண்ணப்பம் இல்லாம அசலை எடுத்தா, நாளைக்கு யாரு பதில் சொல்றது?"

"நாளைக்கு நான் கேக்கப்போற கேள்விக்கு என்ன பதில் சொல்றதுன்னு இப்பவே யோசிச்சு வைங்க!"

எனினும் அவருடைய கை அசையவில்லை. முப்பத்தோர் ஆண்டுப் பழக்கம். பிரேக்கை மிதிக்காமல் இருக்க முடியாத காலைப்போலவே, படிவம் இல்லாமல் பூட்டைத் திறக்க முடியாத கை அது. ஓட்டுநரம்மாவுக்கு அது புரிந்தது. புரிந்ததனால் கோபம் இருமடங்காயிற்று. தாளைப் பிடுங்கி, 'நோக்கம்' என்ற இடத்தில் 'மானம் காக்க' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

"சாட்சி?" என்றார் பதிவறையார், மெல்லிய குரலில்.

"ங்கொண்டா," என்று கன்னம் வீங்கியவர் பேனாவை வாங்கிச் சாட்சிக் கையெழுத்தும் போட்டார்.

பீரோ திறந்தது. மைநீலக் கோட்டு வெளியே வந்தது. பதினான்கு பேரும் மூச்சை உள்ளிழுத்தனர், அவ்வளவு அழகு. பதிவறையார் குடைத்துணியைக் களைந்துவிட்டு அசலை அணிந்தார். தோள் தையல் தோளெலும்பில் வந்து அமர்ந்தது. முகத்தில் மூக்கு முளைத்தது. அவர் கண்ணாடியை நோக்கித் திரும்பினார். முதுகு மக்களை நோக்கித் திரும்பிற்று.

பதினான்கு பேரும் தலையைச் சாய்த்துப் படிக்கத் தொடங்கினர்.

"முதுகுல என்னங்க அது?" என்றார் ஓட்டுநரம்மா.

"முத்திரை. ஆவணத்துக்கு எப்பவும் பின்பக்கத்துலதான் போடுவோம்."

சாப்பாட்டுத் தட்டளவு வட்டம்; அழியாத ஊதா மை. 'அசல். அறையை விட்டு வெளியேறாது. அடுக்கு 4, வரிசை 2.' ஓட்டுநரம்மா எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். அழியவில்லை. பதிவறையாருக்கு அந்த மையின் தரத்தில் ஒரு கணம் பெருமைகூட எழுந்தது. மனைவியின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

"முன்னாடி பார்த்தா பிரமாதமா இருக்கும்மா," என்றார் கண்டக்டர். "சார் திரும்பாம இருந்தா போதும்."

அவர்கள் மண்டபத்திற்குத் திரும்பியபோது மேடையில் கைதட்டல் கேட்டது. செயலாளர் பக்கம் இருபதிலிருந்து நேரே முப்பத்தெட்டுக்குத் தாவிவிட்டாராம். விருதுபெறுபவரின் பெயரை இருமுறை அழைத்துவிட்டனர். குடும்பத்தினருக்கான நாற்காலி காலியாக இருந்தால் நன்றாயிராது என்று யாரும் சொல்லாமலே தானாக உணர்ந்த இஸ்திரி, மேடைமேல் ஏறி, கால்மேல் கால் போட்டு அதில் அமர்ந்திருந்தான்.

பதிவறையார் படியருகே நின்றுவிட்டார். மேடைக்குப் படிகள் நடுவில், மக்களுக்கு நேரெதிரே இருந்தன. ஏறினால் முதுகு கூட்டத்திற்குத் தெரியும். ஏறாவிட்டால் நாற்காலி போயிற்று. மதில்மேல் பூனைக்காவது இரண்டு பக்கமும் தரை உண்டு.

"பின்னாடியே ஏறுங்க," என்றார் ஓட்டுநரம்மா.

"விழுந்துடுவேன்!"

"இருபத்தஞ்சு வருஷத்துல நான் ரிவர்ஸ்ல எதையாவது இடிச்சிருக்கேனா? கண்டக்டர், விசில்!"

கண்டக்டர் ஒரே தாவில் மேடையேறி நின்று விசிலை வாயில் வைத்தார். பதிவறையார் முகத்தை மக்களுக்கும் முதுகை மேடைக்குமாக வைத்து முதற்படியில் காலை வைத்தார். விசில் விட்டுவிட்டு ஒலித்தது. ஓட்டுநரம்மா அவருக்கு எதிரே நின்று, கைகளைச் சுழற்றினார்.

"வாங்க... வாங்க... நேரா... வலது பக்கம் ஒடிங்க... அதிகமா ஒடிக்காதீங்க, தூண்! இப்ப நேர் பண்ணுங்க... வாங்க..."

அவையோர் இது பாதுகாப்பான ஓட்டுதலுக்கான செய்முறை விளக்கம் என்று கருதி எழுந்து கைதட்டினர். பின்வரிசையில் நின்ற பதினான்கு பயணிகளும் சேர்ந்து, "வரலாம், வரலாம்!" என்று கூவினர்.

கூட்டத்திற்கு முகம் காட்டினால் மேடைக்கு முதுகு காட்டவேண்டும் என்பதை அம்மூவரில் எவரும் யோசிக்கவில்லை. மேடையின் நடுவே ஒலிவாங்கியைப் பிடித்து நின்ற விழாத் தலைவர் கிட்டப்பார்வைக்காரர். தம்மை நோக்கி மெல்ல மெல்ல நெருங்கிவந்த முதுகை அவர் உற்றுப் பார்த்தார். பார்த்தவர், எழுத்தைக் கண்டால் உரக்கப் படிக்கும் மேடைப் பழக்கத்தால் படித்தும்விட்டார்.

"அசல்," என்று முழங்கின ஒலிபெருக்கிகள். "அறையை விட்டு வெளியேறாது. அடுக்கு நான்கு, வரிசை இரண்டு."

மண்டபம் குலுங்கிற்று. பதிவறையார் ஒரு கணம் நின்றார். ஆயினும் விசில் ஒலித்துக்கொண்டே இருந்தது, மனைவியின் கைகள் சுழன்றுகொண்டே இருந்தன. பின்னே வருவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை.

இஸ்திரிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "எங்க, எங்க, நான் பாக்கறேன்! மாமா, முதுகுல என்ன, முகவரியா?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து, முத்திரையை அருகில் பார்க்க இரண்டடி நடந்து வந்தான்.

ஓட்டுநரம்மாவின் கண்கள் சுருங்கின. நெரிசலில் ஓர் இடைவெளியைக் கண்டால் சுருங்குமே, அந்தச் சுருக்கம்.

"இடது ஒடிங்க! முழுசா ஒடிங்க! வாங்க வாங்க வாங்க... போதும்!"

பதிவறையார் நாற்காலியில் பொத்தென்று அமர்ந்தார். மடிப்புக் கலையாமல், நாற்காலியின் நான்கு காலும் அசையாமல்.

"அக்கா!" என்று அலறினான் இஸ்திரி. "அது என் இடம்!"

"எழுந்தது யாரு?" என்றார் ஓட்டுநரம்மா.

"எழுந்தா சீட்டு போச்சு!" என்று பின்வரிசையிலிருந்து பதினான்கு குரல்கள் ஒருமித்து எழுந்தன. பேருந்தில் பயணம் செய்வோர் அனைவரும் அறிந்த சட்டம் அது, மேல்முறையீடு கிடையாது. தலைவரும் இளமையில் பேருந்தில் போனவர்தாம். "ஆமாம் தம்பி, எழுந்தா போச்சு," என்று ஒலிவாங்கியிலேயே தீர்ப்பளித்தார். இஸ்திரி கடுகுமஞ்சள் கோட்டினை இழுத்துவிட்டுக்கொண்டு படியிறங்கினான். இறங்கும்போது ஒரு பயணி கேட்டே விட்டார்: "தம்பி, இந்த மெத்தை என்ன விலை?"

கேடயம் கொடுக்கப்பட்டது. படம் எடுக்கப்பட்டது. நாற்காலியின் முதுகோடு முதுகு ஒட்டியிருந்ததனால், படத்தில் விழுந்தது மைநீலமும் மூக்கும் முப்பத்திரண்டு பல்லுந்தாம். பக்கத்தில் கேடயத்துடன் நின்ற ஓட்டுநரம்மா, பத்திரிகைக்காரர் வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல், கணவரின் தோள்மீது, சரியாகத் தோள் தையலின்மேல், கையை வைத்துக்கொண்டார்.

"ரெண்டு வார்த்தை பேசுங்கம்மா," என்றார் தலைவர்.

ஓட்டுநரம்மா ஒலிவாங்கியை வாங்கினார். "எல்லாருக்கும் நன்றி. வெளியில வண்டி நிக்குது. பதினாலு பேரை இறக்க வேண்டிய இடத்துல இறக்காம கூட்டிக்கிட்டு வந்துட்டேன். அதுல ஒருத்தருக்குப் பல் வலி. நான் கிளம்பறேன்."

கேடயத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவர் படியிறங்கினார். "வாங்க," என்றார் திரும்பிப் பார்க்காமலே. பதிவறையார் எழுந்தார். ஒரு கணம் முதுகைத் திரைச்சீலைப் பக்கம் ஒட்டினார். பிறகு, படித்தாயிற்று, இனி என்ன என்று, மனைவியின் பின்னே நேராகவே நடந்தார். இருபுறமும் வரிசை வரிசையாகத் தலைகள் திரும்பின; உதடுகள் அசைந்தன.

பேருந்தில் ஏறிப் பார்த்தால், பதினான்கு பேரும் அவர்களோடு விழாப் பார்க்க வந்தவர்களுள் பாதிப்பேரும் ஏறி அமர்ந்துவிட்டிருந்தனர். ஓர் இடமும் காலி இல்லை. பதிவறையார் மேற்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கோட்டுக் கையின் நுனி மணிக்கட்டிலிருந்து இம்மியும் ஏறவில்லை. தைத்தால் அப்படித் தைக்கவேண்டும். கண்டக்டர் விசில் ஊதினார். வண்டி நகர்ந்தது.

பக்கத்து இருக்கையிலிருந்து கன்னம் வீங்கியவர் அவருடைய இடுப்பில் மெல்லத் தட்டினார்.

"ங்கொஞ்சம் முதுகை இந்தப் பக்கம் திருப்புங்க சார். இன்னும் படிச்சு முடிக்கல."